ரெஜினா பின்னாடியே வர்றா

மூன்று வாரப் பயிற்சி முடிந்து நான்கு நாள் விடுமுறை என்றதும், விடுதி அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குவதாகத்தான் நான் திட்டம் வைத்திருந்தேன். எரிமலை ஏறுவது ரெஜினாவின் யோசனை.

ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்ப்பது, காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பும் தொழிற்சாலை. நான் ஒரு லைனுக்கு லீடர். என் கீழே பதினாறு பெண்கள். ஒவ்வொருத்தி நின்று வேலை செய்யும் இடம் ஒரு ஸ்டேஷன். அதில் ஐந்தாவது ஸ்டேஷன் ரெஜினா. புது மாடல் வருகிறது என்று எங்கள் இருவரையும் இந்தோனேசியாவில் இருக்கும் இன்னொரு ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஆலையின் கேன்டீன் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. ஆறேழு பெண்கள், தலையில் முக்காடு, கையில் கம்பெனிக் கொடி, காலுக்குக் கீழே மேகம். லொம்போக் தீவில் உள்ள ரிஞ்சானி எரிமலையின் உச்சி என்றார்கள்.

"இன்னாக்கா, இவங்களும் நம்மள மாதிரி லைன்ல நிக்கிறவங்கதானே? இவங்களால முடியும், நம்மால முடியாதா?" என்றாள் ரெஜினா.

"நமக்கு மலை ஏறிப் பழக்கம் எங்கடி கீது?"

"குன்றத்தூர் மலை ஏறல?"

குன்றத்தூர் மலைக்கு எண்பது சொச்சம் படி. நடுவில் உட்கார்ந்து எழுந்து போனாலும் கால் மணி நேரம். அந்த மலையடியில்தான் நான் குடியிருக்கிறேன்; வருஷத்துக்கு இரண்டு முறை ஏறினால் அதிகம். ரிஞ்சானி மூவாயிரத்து எழுநூறு மீட்டர், மூன்று நாள் நடை. எவ்வளவு சொல்லியும் அவள் காதில் வாங்கவில்லை. அவளைத் தனியே அனுப்பவும் எனக்கு மனசில்லை. ஊரிலிருந்து கிளம்பிய அன்று விமான நிலையத்தில் அவள் அம்மா, ரெஜினாவின் நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் கையைப் பிடித்திருந்தார். "துடுக்குப் பொண்ணும்மா இது. நீ கூடக் கீறேன்னுதான் அனுப்பறேன்" என்றார். "கவலப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று லீடர் தோரணையில் நானும் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் நாள் காலை, மலையடிவார ஊரான செம்பலூனுக்குப் போகும் ஏற்றத்தில் வேன் நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்கோ போன் போட ஆரம்பித்தார். ரெஜினா இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தாள். ஒயர்களை இணைக்கும் ஒரு கனெக்டரை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினாள். 'கிளிக்' என்று சத்தம் வந்தது. வேன் கிளம்பியது.

"பாதிதான் மாட்டியிருக்காங்கக்கா. நம்ம லைன்ல இது போயிருந்தா உன் பேரு நாறியிருக்கும்" என்றாள் பெருமையாக. அதற்குப் பிறகு டிரைவர் அவளை மட்டும் 'டீச்சர்' என்று கூப்பிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அடிவாரத்துக் கடையில் எங்கள் வழிகாட்டி ரூடி காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான தேகம், வெற்றிலை போடாத குறைதான், மற்றபடி மணிமங்கலத்தில் எங்கள் அப்பா வீட்டுத் தெருவில் நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும், எங்களுக்கு மூன்று வாரத்தில் ஒட்டிக்கொண்ட அவர்கள் பாஷையுமாகப் பேச்சு ஓடியது. எங்களை 'இபு' என்றார். அம்மா என்று அர்த்தம். சுமை தூக்க இரண்டு பேர், தோளில் மூங்கில் கழி, காலில் ரப்பர் செருப்பு. நாங்கள் கடன் வாங்கிய மலையேறும் ஷூவில் இருந்தோம்.

காலைச் சாப்பாட்டில் சோறு, பொரித்த மீன், பச்சை மிளகாயும் சிவப்பு மிளகாயும் அரைத்துக் கொட்டிய ஒரு கீரை. பார்த்தால் வள்ளைக்கீரை. எங்கள் ஊரில் ஏரிக்கரையில் தானாக மண்டிக் கிடக்கும், மாட்டுக்குக்கூட யாரும் அறுத்துப் போடுவதில்லை. இங்கே அதற்கு இவ்வளவு மரியாதை. ரெஜினா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். கூடவே தனியாக ஒரு கிண்ணம் மிளகாய் விழுது. "காரம்னா இதாங்க்கா காரம். கம்பெனி சாம்பார் சாப்ட்டு நாக்கே செத்துப் போச்சு." கிளம்பும்போது ரூடி ஆளுக்கொரு விசில் கொடுத்து, கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் போட்டுக்கொண்டேன். ரெஜினா ஐ.டி. கார்டு கயிற்றோடு சிக்கிக்கொள்கிறது என்று பைக்குள் போட்டாள். அந்தப் பை சுமை தூக்குபவர் கழியில் ஏறிவிட்டது. அப்போது நான் அதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பாதி நாள் புல்வெளி. மாடுகள் மேய்ந்தன, நடை சுகமாக இருந்தது, இதற்கா பயந்தோம் என்று பேசிக்கொண்டோம். மதியத்துக்கு மேல் குன்றுகள் வந்தன. ஒன்றை ஏறி முடித்தால் அதன் பின்னால் இன்னொன்று. மொத்தம் ஏழு. ஏன் வந்தோம் என்று வருத்தப்படும் குன்றுகள் என்பது அதன் பெயராம். ரூடி மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்குச் சிரிக்கவும் மூச்சு இல்லை. மூன்றாவது குன்றிலேயே நான் வருத்தப்பட்டு முடித்துவிட்டேன். சாயங்காலம் எரிமலைவாய்ப் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது கீழே நீலமாக ஒரு ஏரி, அதன் நடுவே புகைவிடும் சின்ன மலை. ரெஜினா கத்தினாள், குதித்தாள். நான் கூடாரத்துக்குள் போய் விழுந்தேன்.

மறுநாள் விடியும் முன்பே உச்சிக்குக் கிளப்பினார் ரூடி. கடைசி ஏற்றம் முழுக்கச் சாம்பலும் சரளையும். இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். இரண்டு பக்கமும் சரிவு, காற்று ஆளைத் தள்ளியது. பல இடங்களில் கையை ஊன்றித் தவழ்ந்தேன், வெட்கத்தைப் பார்க்கவில்லை. உச்சியில் ரெஜினா ஐ.டி. கார்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "எடுக்கா, லைன்ல காட்டணும்" என்றாள். போட்டோவில் அவள் முகம் வெளுத்திருக்கிறது. நான் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடாரத்துக்கு இறங்கி வரும் வழியில்தான் சொன்னாள். "வயிறு சரியில்லக்கா. ரெண்டு தடவ ஆயிடுச்சி."

"ரூடிகிட்டச் சொல்லி இங்கயே தங்கிடலாம்."

"ஐயோ, ஆம்பள ஆளுகிட்ட இதப் போய்ச் சொல்லுவியா? மானம் போவுது. ஒண்ணும் ஆவாது, வா."

மாத்திரை ஒன்று கொடுத்தேன். ஏற்கனவே தாமதமாகியிருந்தது. ஏரிக்கரைக்கு இறங்க மூன்று மணி நேரம், அங்கேதான் அன்றைய தங்கல். செங்குத்தான பாறைப் பாதை, சில இடங்களில் இரும்புக் கம்பி பிடித்து இறங்க வேண்டும். சுமைக்காரர்கள் முன்னால் ஓடிவிட்டார்கள். ரூடி எங்களுக்கு முன்னால் இருபது அடி, அடுத்து நான், கடைசியில் ரெஜினா. ஒரு மணி நேரம் போயிருக்கும், ஏரியிலிருந்து மூடுபனி கிளம்பி மேலே வந்தது. பத்து நிமிடத்தில் ஏரி இல்லை, எதிர் மலை இல்லை. ரூடியின் மஞ்சள் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அப்போது ரெஜினா என் தோளைத் தொட்டாள். "அக்கா, நான் கொஞ்சம் ஒதுங்கிட்டு வரேன். நீ போய்க்கினே இரு. அந்த ஆளுகிட்டச் சொல்லாத."

"சீக்கிரம் வா" என்றேன். அவள் பாறைக்குப் பின்னால் போனாள்.

இந்த இடத்தில் எங்கள் லைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டேஷனை விட்டு ஒருத்தி நகர்ந்தால் வேலை தேங்கும். ரெஸ்ட்ரூமுக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு. பெண்களின் உடம்பு அந்தக் கணக்குக்குள் அடங்காது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருத்தி போனால் பக்கத்தில் இருப்பவள் இரண்டு பேர் வேலையையும் இழுத்துப் பிடிப்பாள். சூப்பர்வைசர் வந்து ஆள் எங்கே என்று கேட்டால், "இப்பத்தான் சார் போனா, இதோ வந்துடுவா" என்போம். அரை மணி நேரம் ஆகியிருந்தாலும் இப்பத்தான். எங்கே போனாள் என்று தெரியாவிட்டாலும் இதோ. பதினான்கு வருஷமாக நான் இதைச் சொல்லியிருக்கிறேன். எனக்காக மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பமாக இருந்தபோது என் வேலையைக் காப்பாற்றியதே அந்த ஒரு வாக்கியம்தான். யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லும்.

ரூடி திரும்பினார். "இபு ரெஜினா?"

"பின்னாடியே வர்றா" என்றேன். அவர் பாஷையில் அதைச் சொல்ல எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர் நடந்தார். நான் மெதுவாக நடந்தேன். அவர் கவனம் பின்னால் போகாமல் இருக்க ஏதேதோ கேட்டேன். எத்தனை பிள்ளைகள், மழைக்காலத்தில் என்ன வேலை என்று. இரும்புக் கம்பி இருந்த இடத்தில் அவர் மறுபடி நின்றார். "இபு ரெஜினா ஓகே?"

"ஓகே, ஓகே. பின்னாடியே வர்றா."

கம்பியைப் பிடித்து இறங்கி முடித்தோம். அண்ணாந்து பார்த்தேன். கம்பியின் மேல்முனை வெள்ளையான எதற்குள்ளோ போய் மறைந்தது. ஷூ சத்தம் இல்லை, கல் உருளும் சத்தம் இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். மூன்றாவது முறை அவர் கேட்டபோதும், கையை மேலே காட்டி, "வர்றா" என்றேன். முதல் இரண்டு முறையும் நான் சொன்னதை நானே நம்பினேன். இந்த முறை நம்பவில்லை. தெரிந்தே சொன்ன பொய்.

இன்னும் சில வளைவு தாண்டியதும் என்னால் முடியவில்லை. "ரெஜினா!" என்று கத்தினேன். பனி சத்தத்தை விழுங்கிவிட்டது. விசில் ஊதினேன். பதில் இல்லை. அவள் விசில் பைக்குள், பை ஏரிக்கரையில்.

ரூடி என் அருகே வந்தார். "கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. சொன்னேன். வயிற்று உபாதை, பாறை, அவள் சொல்லாதே என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவர் நிதானமாகக் கேட்டார்: "முதல் தடவை கேட்டேனே, அப்போது சொல்லியிருந்தால் இருபது அடி ஏறியிருப்பேன். இப்போது எவ்வளவு ஏற வேண்டும், தெரியுமா?"

என்னை ஒரு பெரிய பாறையோடு ஒட்டி உட்கார வைத்தார். நகரக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு முறை விசில் ஊத வேண்டும், அவர் திரும்பி வர அது அடையாளம். "ஆள் கிடைத்தால் மூன்று முறை ஊதுவேன், கிடைக்காவிட்டால் இரண்டு, உடனே நீங்கள் கீழே போய் மற்றவர்களை அழைத்து வர வேண்டும்" என்றார். என்னிடம் அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டு எட்டில் பனிக்குள் மறைந்துவிட்டார்.

நான் ஊதிக்கொண்டே இருந்தேன். பாறை ஈரமாக இருந்தது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பாறைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். புல், அதற்கப்புறம் எதுவும் நினைவில் இல்லை. அதற்கப்புறம் சரிவாகத்தானே இருக்க வேண்டும். அவள் அம்மாவுக்கு நான் எந்த வாயால் சொல்வேன்? பாத்துக்கறேன் என்று சொன்ன அதே வாய்தானே. மணிமங்கலம் பெருமாளைக் கூப்பிட்டேன். அவளுக்கு அவர் பழக்கமில்லையே என்று மாதாவையும் கூப்பிட்டேன். அழுதால் விசில் ஊத முடியாது என்பதால் அழாமல் இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது இல்லை. என்மேல் அவ்வளவு வெறுப்பு வந்ததும் இல்லை.

முப்பத்தோராவது முறை ஊதிவிட்டு நிறுத்தியபோது மேலேயிருந்து ஒரு விசில் கேட்டது. நீளமாக. நின்றது. எழுந்துவிட்டேன். இரண்டாவது வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. காற்றுதான் வீசியது. இரண்டு என்றால் கீழே போக வேண்டும். கால் கீழே போகவில்லை. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது; 'மூச்சு வாங்கிக்கொண்டேன்' என்றுதான் ரூடி பிற்பாடு சொன்னார். மூன்றாவது வந்தது.

அவர்கள் இறங்கி வர வெகுநேரம் ஆனது. ரெஜினாவின் பேன்ட் முழங்காலில் கிழிந்திருந்தது, இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. பனியில் பாதை எந்தப் பக்கம் என்று தெரியாமல் தப்பான பக்கம் நடந்து, ஒரு வீட்டு உயரம் சறுக்கி, புல் புதரில் மாட்டியிருக்கிறாள். அதற்குக் கீழே ஏரிவரை பிடிமானம் இல்லை என்று ரூடி சொன்னார். அவளைக் கட்டிக்கொண்டேன். ஓர் அறை கொடுக்கலாமா என்றும் இருந்தது.

"அங்கயே இருந்தியாடி? ஏறப் பாக்கலையா?"

"ஏறல. அசையாம உக்காந்துகினேன். நீ சொல்லிடுவ, ரெண்டு நிமிஷத்துல ஆளு வந்துடும்னு நெனச்சேன்."

"நீதானே சொல்லாதன்னு சொன்ன?"

ரெஜினா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். "அதுக்குன்னு இன்னாக்கா, சொல்லாமயா இருப்ப?"

ரூடி அவள் கையில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது அவருக்குப் புரிந்திருக்காது.

அன்று நாங்கள் தங்கிய ஏரிக்கரையில் வெந்நீர் ஊற்று இருந்தது. உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் இறங்கினார்கள். ரெஜினா கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை உட்கார்ந்திருந்தாள். நான் கரையில் இருந்து அவள் தலையை எண்ணிக்கொண்டிருந்தேன், ஒரே ஒரு தலையை. மூன்றாம் நாள் பள்ளத்தாக்கு வழியாக வெளியே வந்தோம். அருவிகள் அழகாக இருந்தன என்று போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வழியெல்லாம் ஐம்பது அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். "இருக்கேன், இருக்கேன்" என்று அலுத்துக்கொண்டாள் ரெஜினா. ஏழு குன்று ஏறியபோதும் வராத அளவுக்கு வருத்தம் எனக்கு இறங்கும்போது வந்திருந்தது.

ஊருக்கு வந்து இரண்டாவது வாரம். உச்சியில் எடுத்த போட்டோவை லைனில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மற்றதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. காலை ஷிப்டில் சூப்பர்வைசர் வந்து நின்றார். "மூணாவது ஸ்டேஷன் மகா எங்கம்மா?"

என் வாய் திறந்தது. 'இப்பத்தான்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பதினைந்து பேரும் கையை நிறுத்தாமல் அதற்காகக் காத்திருந்தார்கள்.

"தெரியல சார்" என்றேன். "போய் இருபத்தஞ்சு நிமிஷம் ஆவுது. நான் போய்ப் பாக்கறேன்." சொல்லிவிட்டு மேலே தொங்கிய கயிற்றை இழுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, லைன் நின்றது. ரெஸ்ட்ரூமுக்கு ஓடினேன்.

மகாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாக்கர் பக்கம் தரையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மெமோ கிடைத்தது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. "இந்தோனேசியா போய் வந்து கம்பெனி ஆளா மாறிட்டாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எனக்குக் கேட்கும்படியே வந்தது. ரெஜினாவுக்கு அன்று ஓவர்டைம். அவளும் பஸ்ஸில் இல்லை. படப்பை தாண்டும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானே அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் பேசியிருப்பேன். ஆனால் நாளைக்கே மறுபடி கேட்டாலும் நான் தெரியல என்றுதான் சொல்வேன் என்றும் தெரிந்தது.

மறுநாள் காலை யாரும் என்னிடம் பேசவில்லை. பத்தேகால் மணிக்கு ரெஜினா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு லைனின் நடுவில் வந்து நின்றாள். உள்ளங்கையில் புதுத்தோல் இன்னும் சிவப்பாக இருந்தது. மெஷின் சத்தத்துக்கு மேலே, மூன்றாவது ஸ்டேஷன்வரை கேட்கும்படி சொன்னாள்.

"அக்கா, நான் ரெஸ்ட்ரூம் போறேன். பத்து நிமிஷத்துல வரலன்னா லைன நிறுத்திட்டு வந்து என்னத் தேடு."

மகா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் ஐந்தாவது ஸ்டேஷனில் போய் நின்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பதினாறு.